முதல் அல்ட்ரா: கூட்டாளிங்களோட சேர்ந்து பயிற்சியா, தனியாவா?

கேள்வி | 17 மே 2025

ரெண்டு மாரத்தான் முடிச்சாச்சு. அடுத்து ஒரு அல்ட்ரா (மாரத்தானை விட நீளமான ஓட்டம்), 50 கி.மீ., போலாம்னு ஆபீஸ்ல ஒரு செட்டு கிளம்பியிருக்கு. ஆனா எங்க ஏரியால பழைய ஓட்டக்காரர் ஒருத்தர், "அல்ட்ராவுக்கு கூட்டம் சேத்தா உருப்படாது தம்பி, அவனவன் உடம்பு அவனவன் வேகம், தனியா பழகுறவன்தான் முடிப்பான்"ங்கிறார். நெசமா? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

18 மே 2025, காலை

பாதி நெசம். முழு அனுபவம் எனக்கும் இல்லீங்க, நாங்களே இப்பத்தான் ஆரம்பிக்கிறோம். கோயமுத்தூர்ல நாலு பேர். பேங்க் அண்ணன், அம்பது தாண்டியாச்சு, மாரத்தான் மெடலெல்லாம் பூஜை ரூம்ல சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கார். டீச்சர் அக்கா, கவர்மெண்ட் ஸ்கூல், எங்கள்ல மெதுவா ஓடறது அவங்கதான், ஆனா ஒரு நாள்கூட லீவு போட மாட்டாங்க. ஐடி தம்பி, வெசைன்னா வெசை அப்படி ஒரு வெசை. அப்புறம் நான், பம்ப்செட் ஸ்பேர் கடை. நவம்பர்ல சிக்மகளூர் பக்கம் காஃபி எஸ்டேட்டுக்குள்ள நடக்குற ஒரு 50-க்கு பணம் கட்டியாச்சு.

கூட்டம் எதுக்கு வேணும்னா முதல்ல எந்திரிக்கறதுக்கு. காலைல நாலரைக்கு ரேஸ் கோர்ஸ்ல ஒருத்தர் எனக்காக நிக்கிறார்னு தெரிஞ்சாத்தான் நான் போர்வையை விட்டு வெளிய வருவேன். மத்ததெல்லாம் பின்னாடி எழுதறேன், கடை திறக்கணும்.

18 மே, ராத்திரி

காலைல சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. டீச்சர் அக்காகிட்ட இந்தக் கேள்வியைக் காட்டுனேன். சிரிச்சுட்டாங்க. "தனியா பழகணும்னு சொல்றவருக்கு இருட்டுல தனியா ஓடற வசதி இருக்கு, எனக்கு இருக்கா?"ன்னாங்க. சிறுவாணி ரோட்டுல விடியறதுக்கு முன்னாடி ஒரு பொம்பளை தனியா ஓட முடியுமா சொல்லுங்க. நாய் ஒருபக்கம், பைக்ல போறவன் ஒருபக்கம், அந்தப் பக்கம் போகப்போக யானை வேற. அவங்களுக்கு கூட்டம்ங்கிறது ஆசைக்கு இல்ல, அது இல்லைன்னா பயிற்சியே இல்ல. அந்தப் பழைய ஓட்டக்காரர் இதை யோசிச்சிருக்க மாட்டார்.

நாய்க்கு ஒரு வழி: ஓடறதை நிறுத்திட்டு குனிஞ்சு கல்லு எடுக்கற மாதிரி பாவ்லா காட்டுங்க. நூத்துக்குத் தொண்ணூறு நாய் அங்கயே நின்னுரும். மிச்சப் பத்துக்கு ஐடி தம்பி இருக்கான், அவன் வெசையைப் பாத்து எல்லாம் அவன் பின்னாடியே போயிரும்.

26 மே

வெள்ளியங்கிரி சீசன் முடியறதுக்குள்ள ஒரு தடவை ஏறிட்டு வந்துட்டோம். ஏழு மலை. இதை பயிற்சின்னு சொன்னா சாமி கோவிச்சுக்குமோ என்னமோ, ஆனா கோயமுத்தூர்க்காரனுக்கு இதை விட நல்ல அல்ட்ரா பள்ளிக்கூடம் கிடையாது. பூண்டில மூங்கில் தடி வாங்கிட்டு ராத்திரி ஏற ஆரம்பிச்சோம். ஐடி தம்பி ஆயிரக்கணக்குல காசு போட்டு மடக்கற மாதிரி கார்பன் ஸ்டிக் ஆன்லைன்ல வாங்கியிருந்தான். முதல் மலைப் படி முடிஞ்சு வெள்ளை விநாயகர்கிட்ட வர்றதுக்குள்ள அதுல ஒண்ணு கல்லு இடுக்குல மாட்டி வளைஞ்சு போச்சு. பக்கத்துல எழுபது வயசு இருக்கும் ஒரு ஆத்தா, வெறுங்கால், கையில மூங்கில், வாயில வெத்தலை, "என்ன சாமி, ஒடஞ்சு போச்சா"ன்னு கேட்டுட்டு எங்களைத் தாண்டிப் போயிருச்சு. ஓடலை. நடக்குது. நிக்கவே இல்ல, அவ்வளவுதான்.

அன்னைக்குத்தான் எங்க நாலு பேருக்கும் ஒண்ணு உறைச்சுது. அல்ட்ரால பாதி நடை. மாரத்தான் ஓடிப் பழகுனவனுக்கு நடக்கறதுன்னா தோத்த மாதிரி இருக்கும். பேங்க் அண்ணனுக்கு இன்னும் அப்படித்தான் இருக்கு, ஏத்தம் வந்தாலும் குடுகுடுன்னு சின்னச் சின்ன ஸ்டெப் வெச்சு ஓடப் பாக்கறார், நாங்க பக்கத்துலயே நடந்து அதே நேரத்துக்கு மேல வந்துர்றோம், அவருக்கு மட்டும் மூச்சு வாங்குது.

8 ஜூன், ராத்திரி

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை பூரா பேங்க் அண்ணன் வீட்டுல காம்ரேட்ஸ் பாத்தோம். தெரியாதவங்களுக்கு: தென்னாப்பிரிக்கால டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல நடக்குற ஓட்டம், 1921-ல 34 பேரோட ஆரம்பிச்சது, கிட்டத்தட்ட 90 கி.மீ. ஒரு வருஷம் மேல ஏறுவாங்க, இன்னொரு வருஷம் கீழ இறங்குவாங்க. இந்த வருஷம் இறக்கம். டேட்டே டிஜானாவும் கெர்டா ஸ்டெய்னும் ஜெயிச்சாங்க. பீட்டர்மாரிட்ஸ்பர்க்னா காந்தியை 1893-ல ரயில்ல இருந்து இறக்கிவிட்ட அதே ஊருதான், அண்ணி அதைச் சொன்னதும் ஒரு பத்து நிமிஷம் பேச்சு அங்க போயிருச்சு.

ஜெயிச்சவங்களைப் பாக்க யாருங்க உக்காந்திருந்தா? கடைசி பத்து நிமிஷம்தான் படமே. பன்னெண்டு மணி நேரம் கட்-ஆஃப். அந்த நேரம் வரும்போது ஒரு அதிகாரி ஃபினிஷ் லைன்ல ஓடி வர்றவங்களுக்கு முதுகைக் காட்டிட்டு நிப்பார், கையில துப்பாக்கி. யார் வர்றான்னு பாத்துட்டா மனசு கேக்காதுல்ல, அதுக்காகத்தான் திரும்பி நிக்கறது. சுட்டதும் லைன் மூடியாச்சு, ரெண்டடி பின்னாடி இருந்தாலும் கணக்குல இல்ல. ஒருத்தரை ரெண்டு பேர் கைத்தாங்கலா இழுத்துட்டு வர்றாங்க, அவங்களுக்கும் நேரம் போயிட்டு இருக்கு. டீச்சர் அக்கா டிவியைப் பாத்தே கேட்டாங்க: "என்னை இப்படி இழுத்துட்டு வருவீங்களா?" அண்ணன் உடனே "கண்டிப்பா"ன்னார். தம்பி செல்போனைப் பாத்துட்டு இருந்தான். நான் காஃபி டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டேன். இந்தக் கேள்வி நவம்பர் வரைக்கும் எங்களை விடாதுன்னு அப்பவே தோணுச்சு.

29 ஜூன்

"வேகத்தை எப்படி ஒண்ணாக்கறீங்க?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். ஒண்ணாக்கலைங்க. நீள ஓட்டத்துக்கு டீச்சர் அக்கா முன்னாடி போவாங்க, யாரும் அவங்களைத் தாண்டக் கூடாது. தம்பிக்கு முதல்ல இது தண்டனை மாதிரி இருந்துது. இப்போ அவனோட நாடித்துடிப்பைப் பாத்துட்டு அவனே ஆச்சரியப்படறான். நீள ஓட்டம்ங்கிறது பேசிட்டே ஓடற வேகத்துல இருக்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க. எங்க அளவுகோல் அக்காவோட ஸ்டாஃப் ரூம் கதை. ஹெச்எம் என்ன சொன்னார், இவங்க என்ன திருப்பிச் சொன்னாங்கன்னு முழு வாக்கியமா சொல்ல முடிஞ்சா வேகம் சரி. "அப்போ... ஹெச்எம்... வந்து..."ன்னு ஆச்சுன்னா எல்லாரும் நடை.

வெசையா ஓடணும்னா தம்பிக்கு வாரத்துல ஒரு நாள் தனியா உண்டு. அன்னைக்கு யாரும் அவன்கூட போறதில்ல. அந்தப் பழைய ஓட்டக்காரர் சொன்னது இந்த இடத்துல மட்டும் சரி.

20 ஜூலை

ஆடி பொறந்தாச்சு. பாலக்காட்டு கணவாய்க் காத்து என்னன்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொன்னாப் புரியாது. மேற்கே பாத்து ஓடுனா நின்ன இடத்துலயே ஓடற மாதிரி இருக்கும், திரும்பி வரும்போது தள்ளிட்டு வரும். முறை வெச்சு முன்னாடி போறோம், சைக்கிள் ரேஸ்ல பண்ற மாதிரி, மத்த மூணு பேரும் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறது. பேங்க் அண்ணன் முதுகு கொஞ்சம் அகலம். அவர் முறை வந்தா எல்லாருக்கும் சந்தோசம்.

சாப்பாடு பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். மணிக்கு 30-ல இருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போகணுங்கிறது பொதுவான கணக்கு. ஒரு நடுத்தர வாழைப்பழம் ஏறக்குறைய 25 கிராம். அப்போ மணிக்கு ரெண்டு பழம். எட்டு ஒம்பது மணி நேரத்துக்கு எத்தனை பழம்னு கணக்குப் போடுங்க, குரங்கு கூட வேண்டாம்னு சொல்லிரும். ஓட்டக்காரங்களுக்குன்னு பாக்கெட்டுல விக்கற இனிப்பு ஜெல் வாங்கலாம், விலையைப் பாத்தா பசி போயிரும். அதனால ஒவ்வொரு வாரமும் ஒண்ணு சோதிக்கறோம். கோவில்பட்டி கடலைமிட்டாய்: ருசி உண்டு, ஆனா ஓடும்போது மெல்ல முடியலை, பல்லுல ஒட்டிட்டு தூள் தொண்டைல போய் இருமல். பேரீச்சை: நல்லாருக்கு, கொட்டையை எடுத்துட்டு வாங்க. வேகவெச்ச உருளைக்கிழங்கு உப்பு போட்டு: எனக்கு இதுதான் முதல் பரிசு. தயிர்சாதம்: டீச்சர் அக்கா உருண்டை பிடிச்சுக் கொண்டு வந்தாங்க, சொர்க்கம், ஆனா வெயில்ல மூணு மணி நேரத்துக்கு மேல நம்ப முடியாது.

அப்புறம் பழனி பஞ்சாமிர்தம். தம்பியோட கண்டுபிடிப்பு. வாழைப்பழம், சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு, நெய், ஏலக்காய். ஜெல் கம்பெனிக்காரங்க ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சதை முருகன் கோயில்ல எப்பவோ டப்பால போட்டு வித்துட்டு இருக்காங்க. நெய் மட்டும் சிலருக்கு வயித்தைக் கலக்கும், எனக்கு ஒண்ணும் பண்ணலை, அண்ணனுக்குப் பண்ணுச்சு. விவரம் வேண்டாம்.

21 ஜூலை

"பிரசாதத்தை ஓடறதுக்கு சாப்பிடலாமா"ன்னு ஒருத்தர் வருத்தப்பட்டிருக்கார். மலை ஏறும்போதுதான் சாமி ஞாபகமே அதிகமா வருதுங்க, கவலைப்படாதீங்க.

17 ஆகஸ்ட்

இறக்கம் பத்தி யாருமே கேக்கலை, அதான் விசயமே. எல்லாரும் ஏத்தத்துக்கு பயப்படறாங்க. தொடையை உடைக்கறது இறக்கம்தான். இறங்கும்போது தொடை முன்பக்கத் தசை இழுபட்டுட்டே உடம்பு எடையைப் பிடிச்சு நிறுத்துது, ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போடற வேலை, அதுல தசை நார் உள்ளுக்குள்ள சின்னச் சின்னதா கிழியுது. ரெண்டு நாள் கழிச்சு வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டுக்கு ஒறம்பரையா போனா தெரியும் நிலைமை. நல்ல செய்தி என்னன்னா, ஒரு தடவை அடி வாங்குன தசை அடுத்த சில வாரத்துக்கு அதே அடிக்கு அவ்வளவு நோகாது. அதனால போட்டிக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி நல்லா ஒரு நீள இறக்கம் போட்டு வெச்சுக்கணும்.

நாங்க கோத்தகிரி ரோட்டைப் பிடிச்சோம். மேட்டுப்பாளையம் முந்நூத்திச் சில்லறை மீட்டர் உயரம், கோத்தகிரி 1,800 பக்கம், நடுவுல 33 கி.மீ. ரோடு. முதல் பஸ்ல மேல போய் டீ குடிச்சுட்டு, நல்லா விடிஞ்சதுக்கு அப்புறம் இறங்கறது. லாரிக்கு எதிர்ப்பக்கமா, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா. ஹெட்போன் போட்டா அபராதம், எல்லாருக்கும் டிபன் வாங்கித் தரணும். ஒவ்வொரு வளைவுலயும் கொரங்கு உக்காந்து பாத்துட்டு இருக்கும், தம்பி பைல இருந்த பேரீச்சைப் பாக்கெட்டு ஒண்ணு அங்க போச்சு.

இறக்கத்துல டீச்சர் அக்காதான் ராணி. நாங்க குதிகாலை ஊனி ஊனி பிரேக் போட்டுட்டு வர்றோம், அவங்க சின்னச் சின்ன அடியா தடதடன்னு போறாங்க, கையை ரெக்கை மாதிரி விரிச்சுக்கறாங்க. எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா "சின்ன வயசுல கரட்டுல ஆடு மேச்சேன்"ங்கிறாங்க.

7 செப்டம்பர்

கல்யாண சீசன். ஆவணி ஞாயித்துக்கிழமைல முகூர்த்தம் இல்லாத நாளைக் காட்டுங்க பாக்கலாம். விடியக்காலம் மூணுக்கு ஆரம்பிச்சு எட்டு மணிக்குள்ள 30 ஓடி முடிச்சு, மண்டபத்து பாத்ரூம்ல குளிச்சு, வேட்டி கட்டிட்டு பந்தில உக்காந்தோம். அண்ணி எங்ககூட பேசலை. இலையில ரெண்டாவது தடவை சோறு கேட்ட வேகத்தைப் பாத்து பரிமாறுற பையன் குண்டாவையே பக்கத்துல வெச்சுட்டுப் போயிட்டான்.

"குடும்பம் ஒத்துக்குதா"ன்னு கேட்ட தங்கச்சிக்கு: ஒத்துக்கலை, பொறுத்துக்குது. டீச்சர் அக்கா ஞாயிறு ஓட்டத்துக்கு வரணும்னா சனிக்கிழமை ராத்திரியே இட்லிக்கு ஆட்டி, சட்னிக்கு உரிச்சு வெச்சுட்டு வரணும். எங்க மூணு பேருக்கு அந்த வேலை இல்ல. இதையும் பயிற்சி நேரத்துல சேத்துக் கணக்கு போட்டா எங்க நாலு பேர்ல அதிகமா உழைக்கறது யாருன்னு தெரியும்.

28 செப்டம்பர்

இன்னைக்கு ஒப்பந்தம். ஆர்.எஸ்.புரத்துல காஃபி கடைல உக்காந்து பேப்பர்ல எழுதுனோம். சண்டை வந்துதான் எழுதுனோம்.

அண்ணன் சொல்றது: சேர்ந்து ஆரம்பிச்சோம், சேர்ந்து முடிப்போம், இல்லைன்னா எதுக்கு இத்தனை மாசம். தம்பி சொல்றது: பயிற்சி வேற, போட்டி வேற, நான் கட்டுன பணத்துக்கு என் வேகத்துல ஓடிப் பாக்கணும். ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. நான் தம்பி பக்கம். பத்து மணி நேரம் கட்-ஆஃப்னா கி.மீ.க்கு பன்னெண்டு நிமிஷம், கேக்கறதுக்கு தாராளமாத்தான் இருக்கு, ஆனா ஏத்தத்துல கி.மீ.க்கு பதினஞ்சு பதினாறு ஆகும், நடுவுல சாப்பாடு, ஒண்ணுக்கு, சாக்ஸ் மாத்தறது, இதுல ஒருத்தருக்கு ஒருத்தர் அஞ்சஞ்சு நிமிஷம் நின்னா நாலு பேருக்கும் மணி ஓடிப்போயிரும்.

அக்கா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் "எனக்காக யாரும் நிக்க வேண்டாம், நான் கேட்டா மட்டும் நில்லுங்க"ன்னாங்க. கடைசில எழுதுனது இது: பாதி தூரம் வரைக்கும் சேர்ந்து, அதுக்கப்புறம் அவங்கவங்க வழி. அடிபட்டா மட்டும் நிக்கலாம். நாலு கையெழுத்து. அண்ணன் போடும்போது பேனாவை அழுத்துன அழுத்துல பேப்பர் கிழிஞ்சு போச்சு.

19 அக்டோபர்

மழை. நாளைக்கு தீபாவளி. வீட்டுல முறுக்கு வாசத்துல உக்காந்துட்டு உப்பு பத்தி எழுதறேன்.

தண்ணி நிறையக் குடிங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நீள ஓட்டத்துல வெறும் தண்ணியை அளவுக்கு மீறிக் குடிச்சா ரத்தத்துல சோடியம் இறங்கி மூளை வீங்கற நிலைமை வரைக்கும் போகலாம். இதை 1980-கள்ல காம்ரேட்ஸ் ஓடுனவங்களைப் பாத்துத்தான் டிம் நோக்ஸ்ங்கிற தென்னாப்பிரிக்க டாக்டர் எழுதுனார். அதனால தாகத்துக்குக் குடிங்க, தண்ணியோட உப்பும் போகட்டும். நாங்க ஒரு மணி நேரம் ஓடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாத்தோம், ஒரு கிலோ குறைஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வைன்னு வெச்சுக்கலாம். அண்ணனுக்கு போற வேர்வைல பாதிகூட அக்காவுக்குப் போகலை. நாலு பேருக்கும் ஒரே அளவுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஓஆர்எஸ் வாங்கறவங்க பாக்கெட்டுப் பின்னாடி படிங்க. டபிள்யூஹெச்ஓ அளவுன்னா லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். அந்தப் பேரை வெச்சுட்டு இனிப்புத் தண்ணி வித்தவங்களுக்கு இந்த மாசம்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) தடை போட்டுது, அந்தப் பேரை இனி லேபிள்ல போடக் கூடாதுன்னு. மருந்துக் கடைல இன்னும் பழைய ஸ்டாக் இருக்கலாம்.

வலி மாத்திரை: அண்ணன் பைல ஒரு அட்டை இருந்துது, ப்ருஃபன். எடுத்து வெளிய வெச்சுட்டோம். தண்ணி வத்துன உடம்புல அதைப் போட்டா கிட்னிக்கு ஆபத்து. வலிச்சா நடங்க, அவ்வளவுதான்.

2 நவம்பர்

கடைசி வாரம். கொஞ்சமாத்தான் ஓடணும். ஓடாம இருக்கறதுதான் பெரிய கஷ்டமா இருக்கு. இல்லாத வலியெல்லாம் வருது. தம்பிக்கு முட்டி, எனக்கு கணுக்கால், அண்ணனுக்கு காய்ச்சல் மாதிரி. அக்காவுக்கு அரையாண்டு கொஸ்டின் பேப்பர் வேலையாம், வலிக்க நேரமில்ல.

அட்டைப்பூச்சிக்கு என்ன பண்றதுன்னு கேட்டிருந்தேன், நிறைய பேர் பதில் போட்டிருக்கீங்க. உப்பு, புகையிலை, வெளக்கெண்ணெய், மூக்குப்பொடி. ஒருத்தர் "கடிச்சா விட்டுருங்க, குடிச்சுட்டு அதுவே போயிரும்"னு எழுதியிருக்கார். அவர்தான் மலைக்காரர்.

11 நவம்பர்

வந்துட்டோம். படி இறங்கும்போது பின்பக்கமா இறங்கறேன். சுருக்கமா: தம்பியும் நானும் முடிச்சோம். அண்ணனும் அக்காவும் முடிக்கலை. விவரம் நாளைக்கு.

12 நவம்பர், ராத்திரி

இருட்டுல ஹெட்லேம்ப்போட ஆரம்பிச்சோம். எஸ்டேட் ஜீப் ரோடு, செம்மண், முந்தின நாள் மழைல களி மாதிரி ஆகி ஷூவுக்கு அடியில அரைக் கிலோ ஒட்டிக்குது. ரெண்டு பக்கமும் சில்வர் ஓக் மரம், மிளகுக் கொடி சுத்தியிருக்கு, கீழ காஃபிச் செடியில பழம் செவக்க ஆரம்பிச்சிருக்கு. கலவரப்படுத்துற மாதிரி ஒண்ணுமில்ல, அழகாத்தான் இருந்துது. பாதி தூரம் வரைக்கும் ஒப்பந்தப்படி அக்கா முன்னாடி, நாங்க பின்னாடி, ஸ்டாஃப் ரூம் கதை.

பாதில உருளைக்கிழங்கு தின்னுட்டு கை குலுக்கிட்டு தம்பி போனான். கதைல வர்ற முயல் மாதிரி எங்கயாவது படுத்துருவான்னு பாத்தா, இல்லீங்க, அப்படியே ஓடி முடிச்சுட்டு, குளிச்சு, சாப்பிட்டு, நான் வரும்போது பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து கை தட்டிட்டு இருந்தான். வெசையா ஓடறவன் எல்லாம் கவுந்துருவான்னு நாம சொல்லிக்கறதெல்லாம் மெதுவா ஓடறவங்க ஆறுதலுக்குத்தான்.

நான் ஒம்பது மணி நேரத்தைத் தாண்டித்தான் வந்தேன். கடைசி ஏத்தத்துல கையை முட்டில ஊனி ஊனி, தரையை மட்டும் பாத்துட்டு நடந்தேன். சாக்ஸுக்கு மேல ஒரு அட்டை கடிச்சு ரத்தம் வழிஞ்சு ஷூவுக்குள்ள போயிருந்துது, பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது. மலைக்காரர் சொன்ன மாதிரி அதுவே போயிருச்சு.

பின்னாடி நடந்தது நான் பாக்கலை, அவங்க சொன்னதுதான். முப்பதைத் தாண்டி ஒரு இறக்கத்துல அக்கா வழுக்கி விழுந்தாங்க. முட்டில சிராய்ப்பு, ரத்தம், ஆனா நடக்க முடிஞ்சுது, கொஞ்ச நேரத்துல ஓடவும் முடிஞ்சுது. "போங்கண்ணா"ன்னு சொல்லியிருக்காங்க. அண்ணன் போகலை. "அடிபட்டா நிக்கலாம்னு எழுதியிருக்குல்ல"ன்னு கூடவே வந்திருக்கார். நாப்பதாவது கி.மீ. செக்பாயிண்டுக்கு ரெண்டு பேரும் போய்ச் சேரும்போது அந்த இடத்துக்கான நேரம் முடிஞ்சு ஒரு பத்து நிமிஷம் ஆயிருச்சு. அங்க இருந்த பசங்க மரியாதையா சேர் போட்டு உக்கார வெச்சு, டீ குடுத்து, பிப்பை (நெஞ்சுல குத்தியிருக்கற நம்பர் அட்டை) கழட்டி வாங்கிட்டாங்க.

13 நவம்பர்

அண்ணனைப் பாராட்டி நிறைய பேர் எழுதியிருக்கீங்க. அதையெல்லாம் அக்காகிட்டக் காட்டுனேன். வேன்ல வரும்போது அவங்க பேசுனதை நீங்க கேட்டிருக்கணும். கோவம்னா கோவம். அண்ணன் ஒவ்வொரு திருப்பத்துலயும் பத்தடி முன்னாடி போய் நின்னு வாட்சைப் பாத்துட்டு திரும்பித் திரும்பிப் பாப்பாராம். இவங்களுக்கு நம்மாலதான் இவருக்கும் நேரம் போகுதேன்னு பதட்டம். அந்த அவசரத்துல ஏத்தத்துலயும் ஓடியிருக்காங்க, அரை மணிக்கு ஒருக்கா சாப்பிடறதையும் விட்டுட்டாங்க. அதோட விளைவு கடைசில கால் நகரலை. "தனியா விட்டிருந்தா என் கணக்குல வந்திருப்பேன், இல்லைன்னா என் கணக்குல தோத்திருப்பேன்"னாங்க. அண்ணன் ஜன்னல் பக்கம் பாத்துட்டே வந்தார். ஹாசன் வர்ற வரைக்கும் யாரும் பேசலை, அங்க டிபன் சாப்பிட இறங்குனோம், அண்ணன் அக்காவுக்கும் சேத்து தட்டு வாங்கிட்டு வந்து வெச்சார், அக்கா சாப்பிட்டாங்க.

16 நவம்பர்

அண்ணன் பக்கமும் சொல்லணும். நேத்து கடைக்கு வந்தார், ஏதோ வாஷர் வாங்கற சாக்குல. அவர் கேட்டது: "யானை நடமாடற காடு, ரத்தம் வழியற கால், முன்னாடி பின்னாடி ஆளில்லை. போன்னு சொன்னா போயிருவியா நீ?" எனக்கு பதில் வரலை. நான் அந்த இடத்துல இல்ல, முன்னாடி போயிட்டேன், அதனால சொல்றது சுலபம். ஆனா யோசிச்சுப் பாத்தா, அடுத்த வாலண்டியர் இருக்கற இடம் வரைக்கும் கூட வந்துட்டு, காலைக் காட்டி மருந்து போட்டு, அங்க இன்னொரு தடவை "இருக்கட்டுமா, போகட்டுமா"ன்னு கேட்டிருக்கலாம். அங்கயும் போன்னு சொல்லியிருந்தா போயிருக்கணும். சிராய்ப்பு அடியான்னு முடிவு பண்ண வேண்டியது விழுந்தவங்கதான், கூட வர்றவர் இல்ல. எங்க பேப்பர்ல அது இல்ல. அக்கா செப்டம்பர்லயே "நான் கேட்டா மட்டும்"னு சொன்னாங்க, எழுதும்போது அதை "அடிபட்டா மட்டும்"னு மாத்துனது நாங்க ஆம்பளைங்க மூணு பேர்தான்.

அண்ணன் இதை ஒத்துக்கலை. வாஷரும் தப்பான சைஸ் எடுத்துட்டுப் போயிட்டார்.

23 நவம்பர்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "அப்போ முடிவு என்ன"ன்னு கேக்கறார். அக்கா வேற ஒரு 50-க்கு பேர் குடுத்துட்டாங்க, தனியா. பயிற்சிக்கு நாலரை மணிக்கு நாங்க மூணு பேரும் வந்தாகணுமாம், போட்டி அன்னைக்கு எவனும் அந்த ஊர் எல்லைக்குள்ள தென்படக் கூடாதாம். அண்ணன் டிரைவரா மட்டும் வர்றேன்னு கெஞ்சிட்டு இருக்கார். பேச்சுவார்த்தை நடக்குது. உங்க ஆபீஸ் செட்டுக்கு நான் சொல்றது இவ்வளவுதான்: யாருக்காக யார் நிக்கறதுங்கறதை மெதுவா ஓடறவர் வாயால முதல்ல சொல்ல வெச்சு, அவர் சொன்ன வார்த்தைலயே எழுதிக்கோங்க.

24 நவம்பர்

பஞ்சாமிர்தத்தை எப்படி எடுத்துட்டுப் போனீங்கன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. டப்பா வேண்டாம். சின்ன ஜிப் கவர்ல ரெண்டு ஸ்பூன் அளவு போட்டு, காத்தை வெளிய தள்ளி மூடி, அதை இன்னொரு கவர்ல போடுங்க. சாப்பிடும்போது மூலையைப் பல்லால கடிச்சு பிதுக்குனா போதும். கற்கண்டை முன்னாடியே எடுத்துருங்க, ஓட்டத்துல பல்லுல மாட்டும். காலிக் கவரை காட்டுல போடாம பைலயே திருப்பி வைக்கணும், போட்டா பேரை நீக்கிருவாங்க. வீட்டுக்கு வந்ததும் பையை மறக்காம துவைங்க. தம்பி மறந்துட்டான், அவன் ரூம்ல இப்போ எறும்பு வரிசை கட்டி ட்ரெய்னிங் எடுக்குது.